இடாப்பு எழுதுவோர்

கொழும்புப் பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ‘தரவுத்தள விருத்தியாளர்’ என்றொரு தொழிற்பெயர் இன்று அடிக்கடி காணப்படுகின்றது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களின் இளந்தலைமுறையினருக்கு இப்பெயர் புதிதன்று. 1995இல் தொடங்கப்பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கணினிக் கல்வியை இக்கரைக்கே கொண்டுவந்தது; அங்கும் பிற இடங்களிலும் பயின்றோர் இத்தொழிலை நாடிக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். அட்டவணைகளை வகுக்க வேண்டும், வினவல்களை எழுத வேண்டும், தேடும் வேகத்தைக் கூட்ட வேண்டும், காப்புப்படி எடுத்து வைக்க வேண்டும், யார் எதனைப் பார்க்கலாம் என்ற உரிமையை வரையறுக்க வேண்டும், பழைய ஏட்டிலுள்ளதைப் புதிய அமைப்புக்குச் சேதமின்றி மாற்ற வேண்டும் என்றெல்லாம் விளம்பரம் அவர்களிடம் கேட்கின்றது. இவை யாவும் மெய்யான கடமைகளே. ஆயினும் இத்தொழில் யாரை எழுதுகிறது, எழுதப்படுவோருக்கு அதனால் நேர்வது என்ன என்ற வினாக்கள் அவ்விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. அவ்வினாக்களை இக்கரையின் வரலாற்றைக்கொண்டு எழுப்புவதே இங்கு நமது நோக்கம்.

இலங்கைத் தமிழில் ‘இடாப்பு’ என்றொரு சொல் உண்டு. பாடசாலையில் வரவு இடாப்பு. தேர்தலில் வாக்காளர் இடாப்பு. மனிதரைப் பெயராகவும், பெயரை வரிசையாகவும், வரிசையை அதிகாரத்தின் கைக்கருவியாகவும் மாற்றும் ஏடு அது. தரவுத்தளம் என்பது அவ்வேட்டின் இன்றைய வடிவம். கருவி புதிது, வேலை மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்பதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவரே சான்று. முதலாம் இராசராசனின் ஆட்சி முடிவில், 1014ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட சாசனம் ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரிசைப்படுத்துகின்றது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, பெண்ணின் பெயர் என்ன, முன்பு எக்கோயிலில் இருந்தாள் என்பன ஒரே ஒழுங்கில், 400 முறையும் பிறழாமல் வருகின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். அது மட்டுமன்று. பங்கு பெறுவோர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த முறையுறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுள்ளவரைத் தேர்ந்து நிறுத்தவேண்டும் என்ற விதியும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. தரவு மாறும்பொழுது ஏடு எவ்வாறு மாறவேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துவைத்த மதிநுட்பம் இது. அப்பெண்கள் விரும்பி வந்தனரா என்பதைச் சுவர் சொல்லாது. கோயிலும் அரசும் சேர்ந்து நடத்திய உழைப்பு ஏற்பாடு அது. அதனைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. ஆனால் வீடும் பங்கும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டன என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

சோழரின் வருவாய் நிர்வாகத்தில் ‘வரிப்பொத்தகம்’, ‘பட்டோலை’, ‘முகவெட்டி’ என்றெல்லாம் ஏடு எழுதுவோரின் பதவிகள் இருந்தன. அந்த அமைப்புக்குப் ‘புரவுவரித் திணைக்களம்’ என்று பெயர். தமிழ்நாட்டார் ‘துறை’ என்று வழங்குவதை நாம் இன்றும் ‘திணைக்களம்’ என்றே வழங்குகின்றோம். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் வாசலிற் காத்துநிற்கும் கல்முனை மனிதர் ஒருவர் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சொல்லின் கீழ் நிற்கின்றார் என்பது சுவையான செய்தியே.

இனி நமது கரைக்கு வருவோம். கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என வழங்கிய இப்பகுதியில் எழுதப்படாத இடாப்புகள் பல இருந்தன. அவற்றுள் முதன்மையானது குடிமுறை. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இக்கரையில் ஒருவரின் குடி தாய்வழியே வருவது; ஒரே குடிக்குள் மணம் செய்தல் ஆகாது. பள்ளிவாசல் நிர்வாகத்திற் குடிகளின் சார்பாக மரைக்காயர்கள் அமர்ந்தனர். இன்னார் இன்ன குடி, அவருடைய தாய் இன்னார் என்ற தரவு முழுவதும் மூத்தோர் நினைவில் இருந்தது. கேட்டால் நொடியில் வெளிவந்தது. கணினிக்காரர் ‘முதன்மைச் சாவி’ என்பர். ஒரு பதிவை இன்னொரு பதிவிலிருந்து ஐயமின்றிப் பிரித்தறியும் குறி அது. இக்கரைச் சமூகத்தில் அச்சாவி தாயிடம் இருந்தது.

வயல்வெளியில் இன்னோர் இடாப்பு. இங்கு வயற்பரப்பை ‘வட்டை’ என்பர். அதற்குப் பொறுப்பானவர் வட்டை விதானை. எவருக்கு எத்தனை ஏக்கர், வாய்க்காலில் எவர் முன் எவர் பின், எவருடைய வேலி இன்னும் அடைக்கப்படவில்லை என்பன அவர் அறிந்தவை. அதற்குக் கூலியாக அவருக்கு நெல் கிடைத்தது. போடியாரின் நலன் அங்கு முதலிடம் பெற்றது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. நிலமில்லாமல் அந்நிலத்தில் உழைத்தவன் அவ்விடாப்பில் ஒரு வரியாகவே இருக்கவில்லை.

ஆங்கில ஆட்சி எழுத்து இடாப்பைக் கொண்டுவந்தது. இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அதன் படிவத்தில் இனம் எதுவென்று எழுத ஒரு நிரல் இருந்தது. அந்த ஒரு நிரலில் என்ன எழுதுவது என்பதே பெரும் விவாதமாயிற்று: 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தாற் தமிழரே என வாதித்தார், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூலெழுதினார். கற்றோர் இருவரின் வாதமாகத் தொடங்கியது அரசியற் பிரதிநிதித்துவத்தின் கணக்காக முடிந்தது. பிறப்புப் பதிவிலோ தந்தையின் பெயரும் இனமும் தனித்தனிக் கட்டங்களைப் பெற்றன. குடிக்குக் கட்டம் எதுவும் இல்லை. ஊர் தாய்வழியே நினைவுகூர்ந்ததை அரசு தந்தைவழியே எழுதியது. இரண்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே நடந்தன. பெரிய மோதல் நேராமைக்குக் காரணம், வீடும் வளவும் ஊரின் வழக்கப்படி கைமாறியமையே.

இடாப்பில் இல்லாதவனுக்கு உரிமையும் இல்லை என்பதை 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் தெளிவாகக் காட்டியது. பிலிப் குணவர்த்தனவின் முயற்சியாற் பிறந்த அச்சட்டம் குத்தகை விவசாயியை வெளியேற்ற முடியாத உரிமையுடையவனாக்க முயன்றது. பயிர்ச்செய்கைக் குழுக்கள் நெற்காணி இடாப்பைத் தயாரிக்க வேண்டும். காணிச் சொந்தக்காரர் பெயருடன் பயிரிடுபவர் பெயரும் அதில் ஏறவேண்டும். விளைந்தது என்ன? நாட்டின் பல பகுதிகளில் நிலவுடைமையாளர் முந்திக்கொண்டனர். பெயர் ஏறுமுன்னரே குத்தகைக்காரர் விரட்டப்பட்டனர், அல்லது ‘கூலியாள்’ என மாற்றிச் சொல்லப்பட்டனர். சட்டம் நல்லது, நிரலும் இருந்தது, நிரலை நிரப்பும் பேனா யார் கையில் என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. தரவுத்தளம் பயில்வோர்க்கு முதற்பாடமாக இச்சட்டத்தின் வரலாற்றை வைக்கலாம் என்பது நமது எண்ணம்.

இயந்திரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஹெர்மன் ஹொலரித் என்பார் மனிதர் ஒவ்வொருவரையும் ஓர் அட்டையிலுள்ள துளைகளாக மாற்றி, அத்துளைகளை மின்சாரத்தால் எண்ணினார். அவருடைய நிறுவனமும் வேறு சிலவும் இணைந்து பிற்காலத்தில் ஐ.பி.எம். ஆயிற்று. அந்த ஐ.பி.எம்மிலேதான் எட்கர் கொட் என்ற கணிதவியலாளர் 1970இல் தொடர்புமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். இங்கிலாந்திற் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். 1953இல் செனட்டர் மக்கார்த்தியின் இடதுசாரி வேட்டையை வெறுத்து அமெரிக்காவைவிட்டுக் கனடாவுக்குச் சென்று சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர். இடாப்பு வேட்டையாடுவோர் கையில் என்னவாகும் என்பதை அவர் நேரிற் கண்டிருந்தார் எனலாம்.

அவர் சொன்னதை நம் ஊர் உதாரணத்தாலேயே விளக்கலாம். ஒரு பெரிய ஏட்டில் ஒவ்வொரு மனிதரின் பெயருக்கு எதிரேயும் அவருடைய வீட்டின் விலாசம், கிராமப் பிரிவு, கிராம உத்தியோகத்தரின் பெயர் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எழுதினால், உத்தியோகத்தர் மாறும்பொழுது ஆயிரம் வரிகளைத் திருத்தவேண்டும். ஒன்றிரண்டு விடுபட்டால் ஏடே தன்னோடு முரண்படும். ஆகவே மனிதருக்கு ஓர் அட்டவணை, வீட்டுக்கு ஓர் அட்டவணை, பிரிவுக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்து, ஒன்றின் சாவியை மற்றொன்றில் வைத்து இணைக்கவேண்டும். அவ்வாறு பிறிதோர் அட்டவணையிலிருந்து வந்து குடியிருக்கும் சாவியை ‘அந்நியச் சாவி’ என்று நமது பாடநூல்கள் சொல்கின்றன. கேட்க விசித்திரமாயினும் பொருத்தமான பெயர். மனைவியின் வீட்டிற் குடியேறும் கல்முனை மருமகனைப் போன்றது அது. 1974இல் ஐ.பி.எம். ஆய்வாளர் இருவர் இவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை அமைத்தனர். அதன் வழிவந்த எஸ்.கியூ.எல். இன்றும் இத்தொழிலின் அன்றாட மொழி.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மொழியைக் கற்பது கடினமன்று; சில மாதப் பயிற்சி போதும். ஒரு வரி என்பது எதனைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பதே கடினம். மனிதரா? குடும்பமா? வீடா? இக்கேள்விக்கு விடை கணினியில் இல்லை, ஊரிலேதான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் இறந்தோரும் காணாமற்போனோரும் 35,000க்கு மேற்பட்டோர். மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பு அம்பாறையினது, 10,000க்கும் மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய நெருங்கிய ஊர்கள், வீட்டோடு வீடு ஒட்டிநின்ற கரையோரத் தெருக்கள், சில நிமிடங்களில் அழிந்தன. மனிதரோடும் வீட்டோடும் காகிதங்களும் போயின. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மணப்பதிவுப் பிரதி ஆகியவை இல்லாமல் ஒருவர் தாம் யார் என்பதை நிரூபிக்க வேண்டியவரானார். பிறப்பு இறப்புப் பதிவுகளை இரு படிகளாக எழுதி வெவ்வேறிடத்தில் வைக்கும் பழைய வழக்கம் அன்று பலருக்குக் கைகொடுத்தது. காப்புப்படியை ஒரே கட்டடத்தில் வைக்காதே என்று விருத்தியாளருக்குக் கற்பிக்கப்படும் விதி இதுவேயாகும்.

அந்நாட்களிற் கொழும்பிலே ஒரு குறிப்பிடத்தக்க காரியம் நடந்தது. மென்பொருட் கம்பனிகளின் ஊழியர் பலர் கூலி பெறாமற் கூடி, சஞ்ஜீவ வீரவரண நிறுவிய லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனின் துணையோடு, நிவாரணப் பணிக்கான தரவுத்தளம் ஒன்றைச் சில வாரங்களிற் கட்டியெழுப்பினர். அதன் பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் இடாப்பு, முகாம்களின் இடாப்பு, உதவி நிறுவனங்களின் இடாப்பு, எங்கே எது தேவை என்ற வேண்டுகோள்களின் இடாப்பு என அது பகுக்கப்பட்டது. இலவசமாக எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்ற உரிமையுடன் அது வெளியிடப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசிய நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இலாபத்துக்கு விற்கப்படும் உழைப்பு பொதுவுடைமையாகும்பொழுது என்ன விளைகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இது. இதனை நமது பத்திரிகைகள் உரிய அளவுக்குப் போற்றவில்லை.

ஆனால் மென்பொருள் கொழும்பில் இருந்தது. தரவு கரையில் இருந்தது. கரையிற் பட்டியல்கள் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்திற் காகிதத்தில் எழுதப்பட்டன. அதைக் கணினிக்குள் ஏற்ற முற்படுவோரை எதிர்நோக்கும் சிக்கல்களுள் முதலாவது பெயர். ‘முகம்மது’, ‘முஹம்மது’, ‘முகமது’ எனத் தமிழில் மூன்று. ஆங்கிலத்தில் அதைவிடப் பல. சிங்கள எழுத்தர் கேட்டெழுதினால் இன்னொன்று. நம் முஸ்லிம் மக்களின் முதலெழுத்துகள் தந்தை, பாட்டன் பெயர்களிலிருந்து வருவன. மேலைநாட்டுப் படிவம் கேட்கும் ‘குடும்பப் பெயர்’ என்ற ஒன்று இங்கில்லை. ஒரு பட்டியலில் முதலெழுத்துகளுடனும், மற்றொன்றில் வீட்டுப் பெயராலும் எழுதப்பட்டவர் இருவரா ஒருவரா? ஒலியொத்த பெயர்களை இனங்காண அமெரிக்கர் 1918இலேயே ‘சவுண்டெக்ஸ்’ என்றொரு முறையைக் கண்டனர். அது ஆங்கில எழுத்துகளுக்கு அமைந்தது, நம் ஊர்ப் பெயர்களிடம் அதன் வித்தை பலிப்பதில்லை. அத்தோடு நம் அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவின் தொல்லை வேறு. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகும், தேடினால் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றும் வேலை இன்று பார்ப்போர்க்கு எளிதாகத் தோன்றும். பழைய பட்டியல்களை மாற்றியவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

பெயரை நம்பமுடியாதபொழுது எண்ணை நாடவேண்டும். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் பழைய எண்ணில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்படும். 2016இல் 12 இலக்க எண் வந்தபொழுது ஆண்டு நான்கு இலக்கமாயிற்று. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே மனிதருடையவை என்று அறிந்து இணைப்பது ஒவ்வோர் அலுவலகத்தின் தரவுத்தளக்காரருக்கும் வேலையாயிற்று. அதுவும் அட்டை இருந்தாற்றான். 2005 ஜனவரியில் அகதி முகாமில் நின்றவரிடம் அட்டை இல்லை. சிறுபிள்ளைகளுக்கு அட்டை என்பதே கிடையாது. சாவி தொலைந்த மனிதரை அடையாளங்கண்டவர் யார்? ‘இவள் இன்னாரின் மகள்’ என்று சொன்ன ஊர்க்கிழவியே. குடியறிந்த அந்த நினைவு, அரசின் ஏடு அழிந்தபொழுது மீண்டும் பயன்பட்டது.

கொட் தமது கோட்பாட்டில் ‘வெறுமை’ என்ற ஒன்றையும் ஆராய்ந்தார். ஒரு கட்டம் வெறுமையாயிருப்பின் அதன் பொருள் ‘இல்லை’ என்பதன்று, ‘தெரியாது’ என்பதாகும். இறந்த திகதி என்ற கட்டம் வெறுமையாயிருந்தால் அம்மனிதர் உயிரோடிருக்கிறார் என்று கொள்ளலாகாது. கற்பிக்கும்பொழுது இது நுட்பமான தருக்கம். கரையில் அது கண்ணீர். உடல் கிடைக்காதவரின் மனைவி விதவையா அல்லவா? இத்தா இருப்பது எந்நாளிலிருந்து? பிள்ளையின் பாதுகாவலர் யார்? 2005இல் இயற்றப்பட்ட சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், காணாமற்போனோரை இறந்தோராகப் பதிய வழிசெய்து, அவ்வெறுமையைச் சட்டத்தால் நிரப்பியது. நிரப்ப விரும்பாமல், மகன் எங்கோ இருக்கிறான் என்று நெடுநாள் காத்திருந்த தாய்மாரும் உண்டு. அவர்களுக்கு அட்டவணையில் ஒரு குறி வகுப்பது எவ்வாறு என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

நிவாரணம் பகிரத் தொடங்கியது. ஆளொருவருக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான பணமும் உலருணவும். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. முற்றாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபா. இரு எழுத்தர் ஒரே நேரத்தில் ஒரே குடும்பத்துக்குக் கொடுத்துவிடாமல் ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரைத் தடுத்துவைத்தல், பாதியில் மின்சாரம் நின்றால் பாதிக் கணக்கு ஏறாமல் முழுவதையும் திரும்பப் பெறுதல் என்பன தரவுத்தளம் நன்கு செய்யக்கூடியவை. அது செய்யாதது வேறொன்று. படிவத்தின் உச்சியில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது.

இக்கட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நாம் எழுதப் புகுந்ததே இதன்பொருட்டு. கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடையது. பெண் பிறந்தவுடன் பெற்றோர் அவளுக்கு வீடு கட்ட எண்ணத் தொடங்குகின்றனர். மணமானதும் மருமகன் அவ்வீட்டுக்கு வருகிறான். அடுத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் சிறு குடிசைக்கு ஒதுங்குவதும் உண்டு. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இதுவே வழக்கு. நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வுசெய்த டெனிஸ் மக்கில்வ்ரே தமது நூல்களிலும் இதனை விரிவாக எழுதியுள்ளனர். இதனாற் பெண்விடுதலை கைகூடிவிட்டது என்று நாம் மயங்கவேண்டாம்: மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தந்தையரும் சகோதரரும் மத்திய கிழக்கிற் படும் பாடும், வீடில்லாத ஏழைப்பெண்ணின் மணம் தள்ளிப்போகும் கொடுமையும் நாம் அறிந்தவையே. சீதனம் என்ற சுமையை எதிர்ப்போர் எதிர்க்கட்டும். ஆயினும் அச்சுமை சுமந்து கட்டப்பட்ட சுவர் அவளுடைய பெயரில் நின்றது. கணவன் கைவிட்டாலும் அவள் தெருவுக்கு வரவேண்டியதில்லை.

அவ்வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றர் வரையில் வீடு கட்டலாகாது என முதலில் அரசு விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்குட்பட்டோர்க்கு வேறிடத்தில் வீடு வழங்குவதாயிற்று. யாருக்கு? குடும்பத் தலைவருக்கு. தலைவர் ஆணாகவே இருக்கவேண்டும் என்று நாட்டின் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது நிர்வாக வழக்கம். கணவன் உயிரோடிருந்தால் அவனே தலைவன் என்று எழுதும் பேனா தானாக ஓடியது. அழிந்த வீடு மனைவியுடையது. கிடைத்த வீடு பல இடங்களிற் கணவனுடையதாயிற்று. பெண் தன் உரிமையை இழந்தது எவரும் பறித்ததால் அன்று. ஒரு கட்டத்தின் தலைப்பால். இன்னொன்று: ஒரு கூரையின்கீழ்ப் பெற்றோரும் மணமான மகளுமாக இரு குடும்பங்கள் வாழ்ந்திருந்தால், ‘வீட்டுக்கு வீடு’ என்ற கணக்கில் ஒன்றும், ‘குடும்பத்துக்கு வீடு’ என்ற கணக்கில் இரண்டும் வரும். எதைக் கணக்கிடுவது என்ற தகராறு வரியின் பொருளை முன்கூட்டித் தீர்மானியாததன் விளைவு.

இத்தவறு மென்பொருளின் தவறன்று; சஹன கட்டிய தொண்டர் மீது பழிசுமத்துவது நன்றியின்மையாகும். படிவம் அவர்களுக்கு மிக முற்பட்டது. ஆனால் ஒரு விருத்தியாளரின் உண்மையான திறமை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. அலுவலர் கொடுத்த படிவத்தை அப்படியே அட்டவணையாக்குபவர் தட்டெழுத்தாளர். ‘தலைவர் என்றால் யார்? வீட்டுரிமையாளர் வேறு, குடும்பத்தின் சார்பிற் பணம் பெறுபவர் வேறு அல்லவா? இரண்டுக்கும் ஒரே கட்டம் ஏன்?’ என்று கேட்பவர் விருத்தியாளர். உரிமையை மனிதருக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தனித்த தொடர்பாக, அதற்கென ஓர் அட்டவணையில் எழுதியிருந்தால் மனைவியின் பெயரும் நின்றிருக்கும். இருவர் பெயரையும் சேர்த்தெழுதவும் இடமிருந்திருக்கும். கொட்டின் கோட்பாடு இதற்கு முழுவதும் இடந்தருகிறது. 400 வீடுகளையும் பெண்களின் பெயரிற் கல்லிற் பொறித்த சோழர்காலத்து எழுத்தனுக்குத் தெரிந்த அளவு நுட்பந்தான் இது.

மணப்பதிவிலும் இதே குறை உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனின் கையொப்பத்தையும் பெண்ணின் வலியினது கையொப்பத்தையும் கேட்டது. மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. சீர்திருத்தம் வேண்டி முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகக் குரலெழுப்பி வந்துள்ளனர். அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

எழுதாமல் விடுவதால் விளையும் தீங்கை இதுவரை பேசினோம். எழுதுவதால் விளையும் தீங்கும் உண்டு. நெதர்லாந்து நாட்டு அலுவலர் தம் குடிகளை மிகச் செவ்வையாக, மதம் என்ற நிரலுடன் பதிந்து வைத்திருந்தனர். நாசிகள் வந்தபொழுது அவ்வேடு யூதரைப் பிடிக்கும் வலையாயிற்று. 100,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமின் எதிர்ப்பு வீரர், கலைஞரும் எழுத்தாளருமாக, அந்நகரின் குடிப்பதிவகத்துக்குத் தீவைத்தனர். பன்னிருவர் அதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. 1983 ஜூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்தோர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. சனநாயகத்துக்கென அச்சிடப்பட்ட ஏடு தீவைப்போர்க்கு வழிகாட்டியது. ஆகவே யார் எந்த நிரலைப் பார்க்கலாம், யார் எப்போது பார்த்தார் என்பதற்குத் தடயம் உண்டா, தேவையற்ற நிரலைச் சேர்க்காமலே விடலாமா என்று கேட்பதைத் தொழிலின் ஓரத்து வேலையாகக் கருதலாகாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அடுத்தடுத்து வாழும், மூவரும் ஒவ்வொரு காலத்திற் குருதி சிந்திய இக்கரையில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

சட்டம் மெல்ல மாறுகிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசு வழங்கிய குடியேற்றக் காணிகளின் பின்னுரிமை வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. கல்லோயாத் திட்டத்தின் கீழ் வந்த காணிகளும் இவ்விதிக்குள் அடங்கின. 87 ஆண்டுகளுக்குப் பின்னர், 2022இல் அது திருத்தப்பட்டு ஆண்பெண் வேற்றுமை நீக்கப்பட்டது. அத்திருத்தம் வந்த பிறகு, காணித் தரவுத்தளத்தில் ‘பின்னுரிமையாளர்’ என்ற கட்டத்தை ஆணின் பெயர்கொண்டு தானே நிரப்பும் கட்டளை எங்காவது பழைய நிரலியில் ஒளிந்திருக்கிறதா என்று வரிவரியாகத் தேடிப் பார்ப்பதும் விருத்தியாளரின் கடமைகளுள் ஒன்று. எந்த வேலைவாய்ப்பு விளம்பரமும் அதனைக் குறிப்பிடுவதில்லை.

கரையோர வீடுகளின் நிலை வேறு. ஓர் அட்டவணையில் ‘குடும்பத் தலைவர்’ என்ற புலத்தை நீக்கி, ‘வீட்டுரிமையாளர்’ என்ற புலத்தைச் சேர்க்க எஸ்.கியூ.எல்லில் இரண்டு வரிகள் போதும். ஒரு நிமிட வேலை. ஆனால் சுனாமிக்குப் பின்னர் எழுதப்பட்ட உறுதிகள் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றை மாற்றவேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்கும் கணவனையும் மனைவியையும் அழைத்து, பழைய வளவு யாருடையதாயிருந்தது என்று கேட்டு, சாட்சி வைத்து, நொத்தாரிசுக்குக் கூலி கொடுத்து, காணிப் பதிவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவிக்கவேண்டும். அதற்குள் அவ்வீடுகளிற் பிறந்த பெண்பிள்ளைகள் மணவயதை எட்டிவிட்டனர். அவர்களுக்கு எழுதப்படும் சீதன உறுதியிற் கொடுப்பவரின் பெயராகத் தாயின் பெயருக்குப் பதில் தந்தையின் பெயர் வருகின்றது.